ஒரே வளாகம், இரு நிலைகள்: நூலகத்திற்கும் அருங்காட்சியகத்திற்கும் சட்டம் தரும் காப்பு

ஆய்வுச் சுருக்கம்

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் நூலகமும் அருங்காட்சியகமும் ஒரே பதிவில் இடம்பெற்றுள்ளன. எனினும் தமிழ்நாட்டில் பொது நூலகங்களுக்கு 1948 முதல் தனிச்சட்டமும் அதன்வழி வரும் வரி வருவாயும் உள்ளன. அருங்காட்சியகங்களோ துறைவழி ஆணைகளாலும் ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் நிதியாலும் இயங்கிவருகின்றன. இவ்வேறுபாடு தமிழியல் ஆய்வுக்கு எத்தகைய விளைவுகளைத் தருகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தொல்பொருளை அருங்காட்சியகத்தின் வாயில்வரை கொண்டுசேர்க்கச் சட்டங்கள் பல உள்ளன. சேர்ந்த பின்னர் அப்பொருளைப் பதிவுசெய்து, காத்து, ஆய்வாளருக்குக் காட்டும் கடமையை விதிக்கும் சட்டம் இல்லை என்பதும், அத்தகைய சட்டம் இயற்றப்படுங்கால் நூலகச் சட்டத்தின் நிறைகளோடு குறைகளையும் கருத்திற்கொள்ள வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: பொது நூலகச் சட்டம், நூலக வரி, அருங்காட்சியகம், புதையல் சட்டம், தொல்பொருள், ஓலைச்சுவடி, ஆய்வாளர் உரிமை

முன்னுரை

சென்னை எழும்பூர் பாந்தியன் சாலையில் அரசு அருங்காட்சியகமும் கன்னிமாரா பொது நூலகமும் ஒரே வளாகத்தில் அமைந்துள்ளன. அருங்காட்சியகம் 1851இல் எட்வர்டு பால்ஃபரின் பொறுப்பில் தொடங்கப்பெற்று 1854இல் எழும்பூருக்கு இடம்மாறியது. கன்னிமாரா நூலகம் 1896 டிசம்பர் 5 அன்று அதே வளாகத்தில் திறக்கப்பெற்றது. நெடுங்காலம் அருங்காட்சியகக் கண்காணிப்பாளரின் மேற்பார்வையிலேயே இயங்கியது. இவ்வாறு ஒரே நிருவாகத்தின் கீழ் வளர்ந்த இரு நிறுவனங்களும் இந்திய விடுதலைக்குப் பின்னர் சட்டநிலையில் வெவ்வேறு வழியில் சென்றன. நூலகம் ஒரு சட்டத்தின் பகுதியாயிற்று. அருங்காட்சியகம் அரசுத்துறை ஒன்றின் அலுவலகமாகவே நீடித்தது.

கல்வெட்டு, செப்பேடு, செப்புத்திருமேனி, நாணயம், ஓலைச்சுவடி ஆகியவற்றை முதன்மைச் சான்றாகக் கொள்ளும் தமிழியல் ஆய்வாளர்க்கு இவ்வேறுபாடு நிருவாகச் செய்தி மட்டுமன்று. தாம் தேடும் சான்று எங்குள்ளது, அதனைக் காண இயலுமா, நாளையும் அது அங்கிருக்குமா என்னும் வினாக்கள் இதனோடு பிணைந்துள்ளன.

அரசமைப்பில் இரண்டின் இடம்

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 12ஆம் பதிவு, மாநில அரசின் கட்டுப்பாட்டிலோ நிதியுதவியிலோ உள்ள நூலகங்கள், அருங்காட்சியகங்கள், அவையொத்த நிறுவனங்கள் ஆகியவற்றை ஒருசேரக் குறிப்பிடுகிறது. தேசிய முக்கியத்துவம் உடையவை என நாடாளுமன்றச் சட்டத்தால் அறிவிக்கப்படாத தொன்மைச் சின்னங்களும் ஆவணங்களும் அதே பதிவில் அடங்கும். தேசிய நூலகம், இந்திய அருங்காட்சியகம், விக்டோரியா நினைவகம் முதலியன ஒன்றியப் பட்டியலின் 62ஆம் பதிவில் உள்ளன.

இவ்வதிகாரத்தைப் பயன்படுத்தி ஒன்றிய அரசு சில நிறுவனங்களுக்குத் தனிச்சட்டம் தந்துள்ளது. கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்திற்கு ஆங்கிலேயர் காலத்திலேயே 1866இல் சட்டம் அமைந்தது. இன்று நடப்பிலுள்ளது 1910ஆம் ஆண்டுச் சட்டமாகும். அது அறங்காவலர் குழுவுக்குச் சட்ட ஆளுமையை வழங்குவதோடு, சேகரிப்பிலுள்ள பொருள்களை எந்நிலையில் இரவல் தரலாம், மாற்றிக்கொள்ளலாம், நீக்கலாம் என்பவற்றையும் வரையறுக்கிறது. ஐதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்திற்கு 1961இலும், பாட்னா குதா பக்ஷ் நூலகத்திற்கு 1969இலும், ராம்பூர் ரசா நூலகத்திற்கு 1975இலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. மாநில அரசும் தன் அருங்காட்சியகங்களுக்குச் சட்டம் இயற்ற அரசமைப்பில் தடை ஏதும் இல்லை என்பது இதனால் தெளிவாகிறது. தமிழ்நாட்டில் அவ்வதிகாரம் நூலகத்திற்குப் பயன்பட்ட அளவிற்கு அருங்காட்சியகத்திற்குப் பயன்படவில்லை.

1948ஆம் ஆண்டுச் சட்டம் செய்தவை

சென்னைப் பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டமாகும். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்ற சீ.இரா. அரங்கநாதன் 1930இல் காசியில் நடைபெற்ற அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை முன்வைத்தார். அவரும் 1928இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கமும் தொடர்ந்து ஆற்றிய பணியின் பயனாக, தி.சு. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது இச்சட்டம் நிறைவேறி, 1950இல் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் கூறுகளுள் நான்கு இங்குக் கருதத்தக்கன. முதலாவது, மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைந்து, சட்ட ஆளுமை பெற்ற அமைப்பாக நூலகங்களை நடத்தும் பொறுப்பை ஏற்றது. இரண்டாவது, சொத்து வரி அல்லது வீட்டு வரியின்மேல் நூலக வரி விதிக்கப்பட்டது. தொடக்கத்தில் ரூபாய்க்கு அரையணாவாக இருந்த இவ்வரி பின்னர் உயர்த்தப்பட்டு இன்று ரூபாய்க்கு 10 காசாக உள்ளது. மூன்றாவது, சென்னை நகரம் நீங்கலாக, ஒவ்வோர் ஆணைக்குழுவுக்கும் வசூலான வரிக்குக் குறையாத தொகையை அரசு வழங்க வேண்டும் என மூலச்சட்டம் விதித்தது. நான்காவது, மாநிலத்தில் அச்சாகும் நூல்களின் படிகள் மாநில மைய நூலகத்தைச் சேருமாறு, 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம் திருத்தப்பட்டது. கன்னிமாரா நூலகமே மாநில மைய நூலகமாயிற்று. ஒன்றிய அரசின் 1954ஆம் ஆண்டு நூல்கள் வழங்கல் சட்டத்தின்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களைப் பெறும் நூலகங்களுள் ஒன்றாகவும் அது விளங்குகிறது.

இவற்றின் பயனை ஆய்வாளர் நன்கறிவர். ஒரு சிற்றூர்ப் பதிப்பாளர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வெளியிட்ட நூல் இன்று கன்னிமாராவில் கிடைக்குமாயின், அதற்கு நூலகரின் ஆர்வம் மட்டும் காரணமன்று. நூலைத் தரும் கடமை பதிப்பாளருக்கும், அதனை வைத்துக் காக்கும் கடமை நூலகத்திற்கும் சட்டத்தால் வந்தவை.

அச்சட்டத்தின் குறைகள்

முன்னோடிச் சட்டம் என்பதனால் இதனைக் குறையற்றது எனக் கொள்ளல் பொருந்தாது. வரியை வசூலிப்பவை மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி முதலிய உள்ளாட்சி அமைப்புகள்; செலவிடுவது நூலக ஆணைக்குழு. வசூலான தொகை உரிய காலத்தில் ஆணைக்குழுவைச் சேராமல் நிலுவையாக நிற்பது தணிக்கை அறிக்கைகளில் சுட்டப்பட்டுள்ளது. பணம் ஒருவரிடமும் பொறுப்பு மற்றொருவரிடமும் இருக்குமாறு அமைந்த ஏற்பாடே இந்நிலைக்கு இடந்தந்தது எனலாம்.

வரியின் அடிப்படை சொத்து மதிப்பாக இருப்பதால், கட்டடங்கள் மிகுந்த நகரப் பகுதிக்கு வருவாய் மிகுதியாகவும், நூலகத்தின் தேவை மிகுந்த ஊரகப் பகுதிக்குக் குறைவாகவும் கிடைக்கிறது. அரசின் பங்கும் வசூலான வரியை ஒட்டியே கணக்கிடப்படின் இவ்வேற்றத்தாழ்வு குறைவதில்லை. மகாராட்டிரம் 1967இல் இயற்றிய சட்டத்தில் நூலக வரியைச் சேர்க்காமல் அரசு நிதியையே நம்பியது; கருநாடகம் 1965இல் வரியோடு கூடிய முறையை மேற்கொண்டது. எம்முறையை மேற்கொள்ளினும், நிதி எவ்வாறு பங்கிடப்படும் என்பதைச் சட்டமே தெளிவுறுத்த வேண்டும் என்பது தமிழ்நாட்டின் பட்டறிவு காட்டும் பாடமாகும்.

பொருளை வாயில்வரை கொண்டுவரும் சட்டங்கள்

அருங்காட்சியகத்திற்குத் தனிச்சட்டம் இல்லையெனினும், அங்குள்ள பொருள்கள் சட்டத்தோடு தொடர்பற்றவை அல்ல. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேற்படின், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துவழி அறிவிக்க வேண்டும். மூலப்பொருளின் மதிப்போடு அதன் ஐந்திலொரு பங்கையும் சேர்த்துக் கொடுத்து அதனை அரசு எடுத்துக்கொள்ளலாம். வயலை உழும்போதும் வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதும் வெளிப்பட்ட செப்புத்திருமேனிகள் பல இச்சட்டத்தின் வழியாகவே எழும்பூரைச் சேர்ந்தன.

இச்சட்டம் மீறப்படின் நேர்வது யாது என்பதற்குப் பத்தூர் நடராசர் வழக்கு சான்றாகும். அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட திருமேனி ஆட்சியருக்கு அறிவிக்கப்படாமல் கைமாறி, இறுதியில் கனடா நாட்டு நிறுவனம் ஒன்றன் உடைமையாக இலண்டனில் கைப்பற்றப்பட்டது. நெடிய வழக்கிற்குப் பின்னர் 1991இல்தான் அது தமிழ்நாட்டிற்குத் திரும்பியது.

அகழாய்வில் கிடைப்பனவற்றிற்கு 1958ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டமும், தமிழ்நாட்டின் 1966ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய பொருள்களைத் தொல்பொருளாக வரையறுத்து, தனியார் ஏற்றுமதியைத் தடைசெய்து, குறிப்பிட்ட வகைத் தொல்பொருள்களை உடைமையாளர் பதிவுசெய்ய வேண்டும் என விதிக்கிறது.

வாயிலுக்கு உள்ளே

பதிவுசெய்யும் இக்கடமையிலிருந்து அரசு அருங்காட்சியகங்களில் உள்ள பொருள்களுக்கு அதே சட்டம் விலக்கு அளிக்கிறது. அரசின் பாதுகாப்பிலுள்ள பொருளை அரசிடமே பதிவுசெய்தல் வேண்டா என்பது இதன் கருத்தாகலாம். ஆயினும் விளைவு வேறாக அமைந்தது. ஒரு தனியார் தம் வீட்டில் வைத்திருக்கும் திருமேனியை ஒளிப்படத்தோடு பதிவுசெய்யச் சட்டத்தால் கடமைப்பட்டவர். அதனினும் பன்மடங்கு மிகுந்த சேகரிப்பை உடைய அருங்காட்சியகம், துறைசார்ந்த நடைமுறைகளின்படி சேர்க்கைப் பதிவேட்டைப் பேணுகிறதேயன்றி, அதனை நிறைவுசெய்து பொதுமக்கள் முன் வைக்கும் சட்டக் கடமை அதற்கு இல்லை.

இதனால் அருங்காட்சியகத்தில் பணிகள் நிகழவில்லை எனக் கூறுதல் தவறாகும். கிரேவ்லியும் டி.என். இராமச்சந்திரனும் உலோகத் திருமேனிகளுக்கு 1932இல் அமைத்த விளக்க அட்டவணை, சி. சிவராமமூர்த்தி அமராவதிச் சிற்பங்களைப் பற்றி 1942இல் வெளியிட்ட நூல், பி.ஆர். சீனிவாசன் தென்னிந்தியச் செப்புத்திருமேனிகளைப் பற்றி 1963இல் வெளியிட்ட நூல் ஆகியன இன்றும் ஆய்வாளர்க்கு அடிப்படை நூல்களாகும். எனினும் இவை அறிஞர்களான அலுவலர்களின் முயற்சியால் விளைந்தவை. அத்தகையோர் இருந்த காலத்தில் அட்டவணை வளர்ந்தது. இல்லாத காலத்திலும் அப்பணி தொடர்தற்குரிய ஏற்பாட்டைச் சட்டமே தரமுடியும்.

பதிவின் இன்றியமையாமையை அண்மை நிகழ்வு ஒன்று உணர்த்துகிறது. அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலின் நடராசர் திருமேனியை ஆஸ்திரேலிய தேசியக் காட்சியகம் 2008இல் விலைக்கு வாங்கியது. அது களவுபோன திருமேனியே என்பதை நிறுவப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய ஒளிப்படங்கள் துணைநின்றன. 2014இல் திருமேனி இந்தியாவிற்கு வந்தது. கோயிலாயினும் அருங்காட்சியகமாயினும், முன்னரே எடுத்துவைத்த பதிவு ஒன்றே உடைமைக்குச் சான்றாகிறது.

ஓலைச்சுவடியின் நிலை

நூலகம், அருங்காட்சியகம் என்னும் இரண்டிற்கும் இடையே நிற்பது ஓலைச்சுவடி. 1972ஆம் ஆண்டுச் சட்டம் 75 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையும் இலக்கிய, வரலாற்று, அறிவியல் மதிப்பும் உடைய சுவடியைத் தொல்பொருளாகக் கொள்கிறது. பயன்பாட்டு நிலையில் அது படிக்கப்படும் நூலாகும். மெக்கன்சி தொகுப்பின் பெரும்பகுதியை உடைய சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் பெயரால் நூலகமாயினும், மாவட்ட ஆணைக்குழுக்களின் நூலக அமைப்பைச் சேர்ந்ததன்று. அது தொல்லியல் துறையின் நிருவாகத்தில் உள்ளது.

தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1918இல் பொது நூலகமாக்கப்பட்டு, 1986இல் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்றது. சுவடிச் செல்வத்தில் இதனோடு ஒப்பிடத்தக்க பாட்னா நூலகத்திற்கு நாடாளுமன்றச் சட்டம் உள்ளது. தஞ்சை நூலகத்திற்கோ பதிவுபெற்ற சங்கம் என்னும் நிலையே உள்ளது. இரண்டும் அறிஞரால் மதிக்கப்படும் நிறுவனங்களே. எனினும் சங்கத்தின் விதிகளைச் சங்கமே திருத்திக்கொள்ளலாம். நாடாளுமன்றச் சட்டத்தை நாடாளுமன்றமே திருத்தவேண்டும். சேகரிப்பின் எதிர்காலத்தைக் கருதுவோர்க்கு இவ்வேறுபாடு சிறியதன்று.

பிற நாட்டுப் பட்டறிவு

இங்கிலாந்தில் அருங்காட்சியகத்திற்கான சட்டம் நூலகத்திற்கு முன்னரே தோன்றியது. 1845ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாயிரத்திற்கு மேற்பட்ட மக்கள்தொகையுடைய நகரங்கள் அருங்காட்சியகத்திற்கென வரி விதிக்க இசைவளித்தது. 1850இல் வந்த பொது நூலகச் சட்டம் கட்டடத்திற்கும் ஊழியர்க்கும் செலவிட இடந்தந்ததேயன்றி, நூல்கள் வாங்க இடந்தரவில்லை. 1855இல்தான் அக்குறை நீங்கியது. இன்று நடப்பிலுள்ள 1964ஆம் ஆண்டின் பொது நூலகங்கள் மற்றும் அருங்காட்சியகங்கள் சட்டம் இரண்டையும் தலைப்பிலேயே இணைத்துக் கூறினும், நூலகச் சேவையை உள்ளாட்சியின் கடமையாகவும் அருங்காட்சியகத்தை விருப்பதிகாரமாகவும் வைக்கிறது. எனவே ஒரே சட்டத்தில் சேர்ப்பதால் மட்டும் சமநிலை வந்துவிடாது. ‘வேண்டும்’ என்னும் சொல் எதற்கு, ‘கூடும்’ என்னும் சொல் எதற்கு என்பதே கருதத்தக்கது.

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டின் அருங்காட்சியக மற்றும் நூலகச் சேவைகள் சட்டம், தனித்தனியே இயங்கிய இரு உதவித்திட்டங்களையும் ஒரே நிறுவனத்தின்கீழ்க் கொணர்ந்தது. அங்கும் நூலக நிதியின் பெரும்பகுதி மக்கள்தொகையை ஒட்டி மாநிலங்களுக்குப் பங்கிடப்படுகிறது. அருங்காட்சியகங்கள் போட்டி முறையில் விண்ணப்பித்து நல்கை பெறுகின்றன. 2025 மார்ச்சில் இந்நிறுவனத்தின் பணிகளைச் சட்டம் அனுமதிக்கும் எல்லைவரை குறைக்கக் குடியரசுத் தலைவர் ஆணையிட்டபோது, பல மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. ரோட் ஐலண்டு கூட்டாட்சி நீதிமன்றம் அதே ஆண்டு மே மாதம் இடைக்காலத் தடை வழங்கியது. நாடாளுமன்றம் சட்டத்தால் நிறுவி நிதி ஒதுக்கியதை நிருவாக ஆணையால் கலைத்தல் ஆகாது என்னும் வாதத்திற்கு அச்சட்டமே அடிப்படையாக இருந்தது. அரசாணையால் மட்டுமே நிற்கும் நிறுவனத்திற்கு இத்தகைய வாதம் எளிதில் வாய்ப்பதில்லை.

சட்டக் காப்பிற்கு மற்றொரு பக்கமும் உண்டு. வால்டர் எலியட் 1845இல் அகழ்ந்தெடுத்த அமராவதிச் சிற்பங்களுள் ஒரு பகுதி எழும்பூரிலும் ஒரு பகுதி இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்திலும் உள்ளது. இலண்டனில் உள்ளவற்றை அறங்காவலர்கள் எளிதில் நீக்கிவிட முடியாதவாறு 1963ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதே தடைதான், பிற நாடுகள் தம் பொருள்களைத் திருப்பிக் கேட்கும்போது மறுப்புக்குக் காரணமாகக் காட்டப்படுகிறது. ஆகவே நீக்கத்தைத் தடுக்கும் விதி, உரியவரிடம் திருப்பித் தருதற்குரிய வழியையும் வரையறுத்தல் வேண்டும்.

அருங்காட்சியகச் சட்டத்தில் இடம்பெற வேண்டியவை

மேற்கண்டவற்றிலிருந்து தமிழ்நாட்டிற்குரிய அருங்காட்சியகச் சட்டத்தின் அடிப்படைக் கூறுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. சேர்க்கைப் பதிவேடு முழுமையாகப் பேணப்பட்டு, ஒளிப்படத்தோடு குறித்த கால இடைவெளியில் பொதுவெளியில் வெளியிடப்பட வேண்டும். காட்சிக்கூடத்தில் இடம்பெறாத சேமிப்பறைப் பொருள்களும் இதில் அடங்க வேண்டும்.

2. பொருளை நீக்கல், இடமாற்றல், இரவல் தரல் ஆகியவற்றிற்கு எழுத்துவழிக் காரணமும் வல்லுநர் குழுவின் இசைவும் தேவை என விதித்தல் வேண்டும். கோயிலுக்கோ பிற உரிமையாளருக்கோ திருப்பித் தருவதற்குத் தனி நடைமுறை வேண்டும்.

3. ஆய்வாளரின் விண்ணப்பத்திற்குக் குறித்த நாள்களுக்குள் விடை தருதலும், மறுப்பின் காரணத்தை எழுத்தில் தருதலும் கடமையாக்கப்பட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2005) பதிவேட்டின் செய்தியைக் கேட்டுப்பெற வழிதருகிறது. செப்பேட்டை நேரிற் கண்டு படித்தற்குரிய அனுமதியை முறைப்படுத்துதல் அதன் நோக்கமன்று.

4. நிதியின் அடிப்படையைச் சட்டமே கூற வேண்டும். புதிய வரி விதித்தல் கட்டாயமன்று. எந்நிதியாயினும் அது அருங்காட்சியகத்தை வந்தடைய வேண்டிய நாளையும், மாவட்டங்களுக்கிடையே அதனைப் பங்கிடும் முறையையும் வரையறுத்தல் வேண்டும். நூலக வரியின் நிலுவையும் ஊரக நூலகங்களின் வருவாய்க் குறைவும் இதற்கு எச்சரிக்கைகளாகும்.

5. சுவடி நூலகங்கள் எச்சட்டத்தின் எல்லைக்குள் வரும் என்பது ஐயமின்றிக் கூறப்பட வேண்டும்.

முடிவுரை

அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டில் அருங்காட்சியகப் பணி விரிவடைந்துள்ளது. கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பெற்றது; மாவட்ட அருங்காட்சியகங்களும் பல இயங்குகின்றன. அகழாய்வுகள் தொடருந்தோறும் சேகரிப்பும் பெருகும். கட்டடத்திற்கு ஒருமுறை நிதி ஒதுக்கினாற் போதும். பதிவுக்கும் பாதுகாப்பிற்கும் ஆய்வாளர் சேவைக்கும் ஆண்டுதோறும் நிதியும் ஆளும் வேண்டும். இவை ஆட்சியாளரின் ஆர்வத்தையும் அலுவலரின் ஈடுபாட்டையும் மட்டுமே சார்ந்திருத்தல் நெடுங்காலத்திற்குப் பொருந்துவதன்று.

1948இல் தமிழ்நாடு நூலகத்திற்குச் சட்டம் இயற்றியபோது இந்திய மாநிலங்களுக்கு வழிகாட்டியது. அச்சட்டத்தின் முக்கால் நூற்றாண்டுப் பயன்பாடு, எவற்றைப் பின்பற்றலாம், எவற்றைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பவற்றை ஒருசேரக் காட்டுகிறது. அருங்காட்சியகச் சட்டம் பற்றிய வரைவைத் தமிழியல், தொல்லியல், நூலக அறிவியல் துறைகளைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கூடி உருவாக்க முற்படலாம். அரங்கநாதன் மாதிரிச் சட்டத்தை முன்வைத்தது முதல் அது அரசின் சட்டமாகும்வரை பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன என்பதை நினைவிற்கொண்டால், இம்முயற்சியை இன்றே தொடங்குதல் தகும்.